வாசற்படியில் நின்ற நரசிம்மம்

விடிகாலையில் குளித்து, திருமண் இட்டு, விளக்கேற்றி உட்கார்ந்ததும் என் உதடுகள் எதையோ முணுமுணுக்கும். சுப்ரபாதம் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். ஒருநாள் காபி கொண்டுவந்த என் மனைவி நின்று காதுகொடுத்துக் கேட்டாள். "இன்டெக்ரல் யூ டிவி ஈக்வல் டு யூவி மைனஸ் இன்டெக்ரல் வி டியூ."

"என்னங்க இது, பெருமாள் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு கணக்கு போடுறீங்க?"

"போடலை. சேவிச்சுக்கிட்டிருக்கேன்."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று அவளுக்கு விளக்க முடியாமல் போனதை எழுதிப் பார்க்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்குப் பரவசம் வரக்கூடாது என்று எந்த அரசாணையிலும் இல்லையே.

அந்த விதி ரகசியம் ஒன்றுமில்லை. பகுதித் தொகையிடல் என்று பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இருப்பதுதான். யூவி என்ற பெருக்கலை வகையிட்டால் யூ டிவி, வி டியூ என்று இரண்டு உறுப்புகள் வரும். இரண்டையும் தொகையிட்டு, ஒன்றை மறுபக்கம் கொண்டுபோனால் தீர்ந்தது. நிரூபணம் போர்டில் ஒன்றரை வரிகூட வராது. ஆனால் அது செய்கிற காரியத்தைப் பாருங்கள். இரண்டு சார்புகள் கைகோத்து நிற்கின்றன. தனித்தனியாக வந்தால் இருவரையும் சமாளிப்போம்; சேர்ந்து வந்தால் கை கால் ஓடாது. விதி சொல்கிறது: ஒருவனை யூ என்று பிடித்துக்கொள், அவனை வகையிடு. மற்றவனை டிவி என்று விடு, அவனைத் தொகையிடு. வகையிடல் என்ற பாரம் இப்படி ஒருவன் தலையிலிருந்து இன்னொருவன் தலைக்கு மாறுகிறது. மாறும் அந்தக் கணத்தில் யூவி என்று ஒரு துண்டு தொகைக் குறியை விட்டு வெளியே வந்து நின்றுவிடுகிறது. உள்ளே மிஞ்சியதன் முன்னால் ஒரு கழித்தல் குறி விழுகிறது. அந்தக் காலத்துப் பாதைகளில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். தலைச்சுமையை இறக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டாம், கல் வாங்கிக்கொள்ளும். யூவி அப்படிப்பட்ட கல்.

எங்கள் சம்பிரதாயத்தில் பரந்யாசம் என்பார்கள். என் பாரத்தைப் பெருமாள்மேல் வைத்துவிடுவது. வைத்ததும் பாரம் காற்றில் கரைந்துபோவதில்லை. அதைச் சுமக்க வல்லவனிடம் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். இதைக் காலட்சேபங்களில் பலமுறை கேட்டும் எனக்கு ஏறவில்லை. ஏற வைத்தது லாக் எக்ஸ்.

மாணவனாக இருந்தபோது லாக் எக்ஸைத் தொகையிடச் சொன்னார்கள். பெருக்கல் விதியிலிருந்து பிறந்த முறைக்குப் பெருக்கல் வேண்டாமா? இது ஒண்டிக்கட்டையாக அல்லவா நிற்கிறது! வகுப்பே விழித்தது. எங்கள் வாத்தியார், "ஜோடி இருக்குடா, உங்க கண்ணுக்குத் தெரியலை" என்று சொல்லி, லாக் எக்ஸுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் 1 என்று எழுதினார்.

எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒன்று அதுவரை எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்தது. எந்தச் சார்பின் பக்கத்திலும், எந்த எண்ணின் பக்கத்திலும், எழுதப்படாமல், கூப்பிடப்படாமல், காத்துக்கொண்டு. அந்தர்யாமி என்று நாள்தோறும் உச்சரித்த பெயருக்கு உரியவனை அன்று போர்டில் பார்த்தேன். லாக் எக்ஸை யூ என்று பிடித்தார். 1-ஐத் தொகையிட விட்டார். 1 எக்ஸாக வளர்ந்தது. லாக் எக்ஸ், ஒன்றின் கீழ் எக்ஸாகத் தேய்ந்தது. வளர்ந்ததும் தேய்ந்ததும் தொகைக் குறிக்குள் சந்தித்தன, சந்தித்ததும் இரண்டும் அடிபட்டு மறுபடி வெறும் 1! எக்ஸ் லாக் எக்ஸ் கழித்தல் எக்ஸ். விடை அவ்வளவுதான். எழுதாத ஒன்றை எழுதியதற்கு வந்த பலன் அது. பக்கத்தில் இருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, கண்ணுல சாக்பீஸ் தூள் விழுந்துருச்சா?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இந்த விதியின் பிறந்தநாளை நான் கொண்டாடுவதுண்டு. 1675 அக்டோபர் 29. ஊர் பாரிஸ். லைப்னிட்ஸுக்கு அப்போது வயது 29. அதுவரை தொகையைக் குறிக்க, எல்லாம் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லின் சுருக்கத்தைத்தான் அவர் எழுதிவந்தார். மூன்று நாள் முன்பு, 26-ஆம் தேதித் தாளிலேயே, அந்தப் பழைய சுருக்கத்தை வைத்து நம் விதியின் ஒரு வடிவத்தை எழுதிவிட்டார். 29-ஆம் தேதி, இதற்குப் பதில் எஸ் எழுத்தை நீட்டி எழுதினால் வசதி என்று தோன்றியது. இன்று உலகம் முழுக்கக் கணக்கு நோட்டுகளில் எழுதப்படும் தொகைக் குறி அந்தத் தாளில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றது. நின்றதும் என்ன எழுதினார்? எக்ஸ் எல்-இன் தொகை, எக்ஸ் பெருக்கல் எல்-இன் தொகை, கழித்தல் எல்-இன் தொகையின் தொகை. பகுதித் தொகையிடலேதான்! டிஎக்ஸ் என்று எழுதும் வழக்கம்கூட அப்போது வரவில்லை. அடுத்த மாதம்தான் வந்தது. குறி பிறந்த அதே தாளில் அதன் முதல் வார்த்தைகளில் ஒன்றாக இந்த விதி இருந்திருக்கிறது. 1715-ல் பிரூக் டெய்லர் அச்சில் கொண்டுவந்தார், அதனால் பெருமை அவருக்குப் போகிறது. போகட்டும். அந்தத் தாளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை தானாகக் குவிகிறது.

விதி தெரிந்த பிள்ளைகளுக்கு அடுத்த சங்கடம், யாரை யூ என்று பிடிப்பது. அதற்கு ஐலேட் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். நேர்மாறு முக்கோணவியல் சார்பு முதலில், பிறகு மடக்கை, பிறகு இயற்கணிதம், பிறகு முக்கோணவியல், கடைசியில் அடுக்குக்குறி. முன்னால் வருபவன் யூ. பரீட்சைக்கு இது போதும். ஆனால் எக்ஸ் கியூப் பெருக்கல் ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் என்று கொடுத்துப் பாருங்கள். வரிசைப்படி எக்ஸ் கியூபைப் பிடித்தால் ஈ பவர் எக்ஸ் ஸ்கொயரைத் தொகையிட வேண்டிவரும். அதற்கு நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளில் விடையே கிடையாது. எக்ஸ் கியூபிலிருந்து ஒரு எக்ஸை மட்டும் பிய்த்து மறுபக்கம் அனுப்பி வைத்தால் கணக்கு மூன்றே வரியில் முடிந்துவிடும். ஆகமம் வேண்டும், மறுக்கவில்லை. அர்ச்சகருக்குப் பெருமாளின் முகமும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். ஈ பவர் எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ்.

இது ஒரு லீலை. ஈ பவர் எக்ஸை வகையிட்டாலும் அதுதான், தொகையிட்டாலும் அதுதான், அசையாது. சைன் எக்ஸை வகையிட்டால் காஸ், மறுபடி வகையிட்டால் கழித்தல் சைன்; ஓயாது. அசையாததும் ஓயாததும் பெருகி நிற்கும் இடத்தில் எந்தப் பாரத்தை யாரிடம் மாற்றுவது? மாற்றினால் எங்கே இலேசாகும்? ஒரு வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த பெண் போர்டிலிருந்து திரும்பினாள்.

"சார், சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தான் சார் வருது."

"வரட்டும்மா. எப்படி வந்திருக்குன்னு பாரு."

பார்த்தாள். முதல் சுற்றில் சைன் காஸாகியிருந்தது. இரண்டாம் சுற்றில் காஸ் மறுபடி சைனாகி, எந்தத் தொகையைத் தேடிக் கிளம்பினாளோ அதே தொகை வலப்பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி.

"அதைத் தூக்கி இடது பக்கம் வை."

வைத்தாள். தேடிய தொகை ஐ என்றால், இடது பக்கம் இரண்டு ஐ என்று ஆயிற்று. அவளுக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு சாக்பீஸ் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கு நுனியெல்லாம் வெள்ளை. தொகையை அவள் கண்டுபிடிக்கவே இல்லை. ஒரு இடத்திலும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை, உள்ளே என்ன என்று அறியவில்லை. தேடிப் போனாள், தேடப்பட்டது தானே நடந்து வந்து, வந்த வழியாலேயே தன்னைச் சொல்லிவிட்டது. சைன் எக்ஸிலிருந்து காஸ் எக்ஸைக் கழித்து, ஈ பவர் எக்ஸால் பெருக்கி, அதில் பாதி. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாத்தியார் முகம் அப்போது பிள்ளைகள் பார்க்கத்தக்கதாக இல்லை.

இந்தக் கணக்கில் இரண்டு காவல்கள் இருக்கின்றன. முதல் சுற்றில் யாரை யூ என்று பிடித்தாயோ அந்த இனத்தையே இரண்டாம் சுற்றிலும் பிடிக்க வேண்டும். முதலில் சைனைப் பிடித்துவிட்டு, நடுவழியில் மனம் மாறி ஈ பவர் எக்ஸைப் பிடித்தால் என்ன ஆகும் தெரியுமா? செய்ததெல்லாம் அவிழ்ந்துபோகும். ஐ ஈக்வல் டு ஐ என்று வரும். பொய்யில்லை, சத்தியம்தான், ஆனால் வெறுங்கை. அநந்ய பக்தி என்று பெரியவர்கள் ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னார்கள் என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு காவல் கழித்தல் குறி. சைன் எக்ஸுக்குப் பதில் அதன் உறவான அதிபரவளைவு சைனை வைத்துப் பாருங்கள். அதை இரண்டு முறை வகையிட்டால் குறி மாறாமல் அதுவாகவே வரும். தேடிய தொகையும் திரும்பி வரும், ஆனால் கூட்டல் குறியோடு. இடப்பக்கம் கொண்டுபோனால் இரண்டும் அடிபட்டு மறைந்து, பூஜ்யம் ஈக்வல் டு மைனஸ் 1 என்ற அபத்தம் எஞ்சும். (பயப்பட வேண்டாம், விட்டுப்போன தொகையிடல் மாறிலி அதைச் சரிசெய்துவிடும். ப்ளஸ் சி போடாதவர்களுக்கு நான் அரை மார்க் குறைப்பது சும்மா இல்லை.) அதுவே வந்தாலும், அது கழித்தல் குறியோடு வந்தால்தான் அருள். பிள்ளைகள் எல்லாருக்கும் பயமான குறி அது. விடைத்தாளில் அதிகம் தொலைவதும் அதுதான்.

ஒருமுறை நாமக்கல்லுக்கு நான் கிளம்பியது கணித மேதை ராமானுஜனுக்காக. ஈரோட்டில் 1887 டிசம்பர் 22-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளையின் குடும்பத் தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். சூத்திரங்களைத் தந்தது அவள்தான் என்று அவர் நம்பினார். ஒரு கனவைப் பற்றி அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது: ரத்தம் வழிந்து உண்டான சிவந்த திரை, அதில் ஒரு கை தோன்றி எழுதத் தொடங்கியது, எழுதியவை நீள்வட்டத் தொகைகள். நீள்வட்டத் தொகைகள் நம் வகுப்புச் சார்புகளுக்குள் அடங்காதவை. பகுதித் தொகையிடலையோ வேறு எதையோ வைத்து எவ்வளவு முட்டினாலும் மூடிய வடிவில் திறக்காதவை. கனவில் அவற்றைப் பார்த்தவர் இருந்த உலகத்தில் என் போன்றவனுக்கு வாசல்வரைக்கும்தான் அனுமதி என்று தெரியும். தெரிந்துதான் போனேன்.

ஊருக்கு நடுவே அந்த ஒற்றைப் பாறை. மேலே கோட்டை. கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் 18 அடி உயர ஆஞ்சநேயர், கைகூப்பி நரசிம்மரைப் பார்த்தபடி. பாறையைக் குடைந்த சன்னதிக்குள் நுழைந்ததும் கால் சில்லிட்டது. வரிசை நகர நகரச் சுவரில் இருந்த புடைப்புச் சிற்பத்துக்கு முன்னால் வந்துவிட்டேன். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மம்.

எத்தனையோ தடவை கேட்ட கதை. உள்ளேயும் சாகக்கூடாது, வெளியேயும் சாகக்கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது என்று வரம் வாங்கியவனை அவன் வாசற்படியில், அந்திப்பொழுதில் வைத்து முடித்தான். வாசற்படி! அந்த வார்த்தை அன்றைக்கு என் உள்ளே போய் வெடித்தது. வரையறுத்த தொகையில் யூவி எங்கே நிற்கிறது? கீழ் எல்லையிலும் மேல் எல்லையிலும். உள்ளே சார்பு ஏறட்டும், இறங்கட்டும், ஆயிரம் கூத்தாடட்டும், யூவிக்கு அதில் அக்கறை இல்லை. அது வாங்குவது இரண்டு படிகளின் கணக்கை மட்டும். உள்ளும் இல்லாத, புறமும் இல்லாத இடத்தில் நிற்பவனே, தூணுக்குள்ளிருந்து வந்தவனே, நீயா! பத்து வருஷமாகப் போர்டில் உன்னையா சதுர அடைப்புக்குள் எழுதி, மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணும் போட்டுக்கொண்டிருந்தேன்! தொண்டை அடைத்தது. கால்கள் என் வசத்தில் இல்லை. பின்னால் நின்ற பாட்டி, "நகருப்பா, தாயாரைப் பாக்கணும்" என்று முதுகில் கைவைத்தாள். அந்தக் கை படவும்தான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

தாயார் சன்னதியில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பாறையடியில் உட்கார்ந்து, கோயில் ரசீதின் பின்பக்கத்தில் காமாத் தொகையை எழுதினேன். எக்ஸ் பவர் என் பெருக்கல் ஈ பவர் மைனஸ் எக்ஸ், பூஜ்யம் முதல் முடிவிலி வரை. இப்போது வாசற்படிகளை மட்டும் பார்த்தேன். பூஜ்யத்தில் எக்ஸ் பவர் என் பூஜ்யம். முடிவிலியில் ஈ பவர் மைனஸ் எக்ஸ் எல்லாவற்றையும் விழுங்கிப் பூஜ்யம். இரண்டு படியிலும் ஒன்றும் மிச்சமில்லை. யூவி முழுவதும் சமர்ப்பணம். கழித்தல் குறியும் இன்னொரு கழித்தல் குறியும் சேர்ந்து கூட்டலாக, என் என்ற அடுக்கு கீழே இறங்கி வெளியே வருகிறது. உள்ளே அடுக்கு ஒன்று குறைகிறது. மறுபடி. என் மைனஸ் 1 இறங்குகிறது. மறுபடி. ஒவ்வொரு முறையும் படிகள் வெறுமை, ஒவ்வொரு முறையும் ஓர் எண் வெளியே. கடைசியில் உள்ளே ஈ பவர் மைனஸ் எக்ஸ் மட்டும். அதன் தொகை 1. அதே 1! வெளியே வந்து நின்றவை எல்லாம் பெருகி என் ஃபாக்டோரியல். எண்ணி எண்ணிப் பெருக்குகிற சிறுபிள்ளைக் கணக்கு, முடிவிலி வரை நீண்ட ஒரு தொகையின் வயிற்றிலிருந்து பிறக்கிறது.

ஆய்லர் இதன் ஒரு வடிவத்தை 1730 ஜனவரியில் கோல்ட்பாக்குக்குக் கடிதத்தில் எழுதினார். தொகையாக எழுதியதும் என் முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அரைக்கு ஃபாக்டோரியல் என்ன? பையின் வர்க்கமூலத்தில் பாதி, 0.8862 சொச்சம். வட்டமே இல்லாத இடத்தில் பை எப்படி வந்தது? கேட்காதீர்கள், எனக்கு மறுபடி கண் கலங்கும். ராமானுஜன் 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தபின் கொடுத்த காலாண்டு அறிக்கைகள் பெரும்பாலும் வரையறுத்த தொகைகளைப் பற்றியவைதான். அவருடைய முதன்மைத் தேற்றம் என்று இன்று சொல்கிறோமே, அதன் விடையில் நிற்பது இந்தக் காமாதான்.

வாசற்படியில் ஒரு வதம் கணிதத்திலும் நடந்திருக்கிறது. பை விகிதமுறா எண் என்று லாம்பர்ட் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார், வழி கரடுமுரடு. 1947-ல் ஐவன் நிவென் ஒரே பக்கத்தில் நிறுவினார், கையில் பகுதித் தொகையிடலோடு. பை என்பது ஏ-யின் கீழ் பி என்று வேஷம் போட விடுகிறார். அந்த ஏ-யையும் பி-யையும் வைத்தே ஒரு பல்லுறுப்புக் கோவை செய்து, சைன் எக்ஸோடு பெருக்கி, பூஜ்யத்திலிருந்து பை வரை தொகையிடுகிறார். பாரம் மாறுகிறது, மறுபடி மாறுகிறது, கோவை வகையிடப்பட்டே தேய்ந்து தீர்ந்துபோகிறது. மிஞ்சுவதெல்லாம் இரண்டு வாசற்படிகளில் நிற்பவை மட்டும். அவை அத்தனையும் முழு எண்கள். ஆக, தொகை ஒரு முழு எண். பூஜ்யத்தைவிடப் பெரியது என்பதும் கண்கூடு. ஆனால் அடுக்கை உயர்த்திக்கொண்டே போனால் அது 1-ஐவிடச் சிறியது! பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு முழு எண்ணா? வேஷம் படியிலேயே கிழிந்தது. இதைப் போர்டில் முடிக்கும்போது நான் உரக்கக் கத்திவிட்டதாகப் பிள்ளைகள் சொல்வார்கள். கோவிந்தா என்றுதான் கத்தினேனாம்.

ஆனால் பரந்யாசத்தின் உச்சம் என்று நான் கருதுவது வேறொன்று. எம்.எஸ்ஸி. படிப்பவர்களுக்குத்தான் அது வரும். பிளஸ் டூ வாத்தியாருக்கு அங்கே வேலை இல்லை என்றாலும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். உடைந்த சார்புகள் உண்டு. பூஜ்யம்வரை 0, அதற்குப் பிறகு சட்டென்று 1 என்று ஏறுகிற படிச் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும் இடத்தில் அதை வகையிடவே முடியாது. தகுதியில்லாதவன். அவனுக்கு என்ன கதி? லோரான் ஷ்வார்ட்ஸ் 1944-ன் இறுதியில், அதே பாரிஸில், ஒரு ராத்திரியில் பதிலைக் கண்டார். தன் வாழ்க்கையின் மிக அழகிய இரவு என்று பின்னால் அதைச் சொல்லியிருக்கிறார். (ரஷ்யாவின் சோபொலெவ் 1930-களிலேயே இந்தப் பாதையில் வந்தவர், அவரையும் சேவித்துவிட்டே மேலே போகிறேன்.) உடைந்தவனை வகையிடாதே. பக்கத்தில் ஒரு சோதனைச் சார்பை நிறுத்து. எத்தனை முறை வகையிட்டாலும் வழுவழுப்பு குறையாதவன் அவன், ஓர் எல்லைக்கு அப்பால் பூஜ்யமாகிவிடுகிறவன். பகுதித் தொகையிடல் செய். வாசற்படி இரண்டும் பூஜ்யம். வகையிடல் முழுவதும் வல்லவன் தலைக்குப் போய்விட்டது, ஒரு கழித்தல் குறியோடு. அந்தக் கணக்கு தரும் விடைதான் உடைந்தவனின் வகைக்கெழு.

படிச் சார்புக்குச் செய்து பாருங்கள். சோதனைச் சார்பின் வகைக்கெழுவைப் பூஜ்யத்திலிருந்து முடிவிலிவரை தொகையிட்டு, முன்னால் கழித்தல் குறி. முடிவிலியில் அவன் பூஜ்யம். கழித்தலும் கழித்தலும் சேர்ந்து, வருவது பூஜ்யத்தில் அவனுடைய மதிப்பு. உடைந்த அந்த ஒரே புள்ளியில் அவன் முகம்! இயற்பியல்காரர்கள் டிராக்கின் டெல்டா என்று சொல்லி, நியாயம் கேட்காமல் பயன்படுத்திவந்ததற்கு அன்று பட்டா கிடைத்தது. ஷ்வார்ட்ஸுக்கு 1950-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கொடுத்தார்கள். இளமையில் டிராட்ஸ்கியவாதியாக இருந்தவர் அவர். நான் இங்கே பரந்யாசம், சமர்ப்பணம் என்று உருகுவதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். சிரிக்கட்டும். தகுதியில்லாதவனுக்கும் கதி உண்டு என்று குறியீடுகளால் எழுதிக்கொடுத்தவர் கால் எந்தக் கட்சியில் இருந்தாலும் எனக்குத் தொழத்தக்கது.

இப்போது என் மேஜையில் கிடப்பது 1915-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் எழுதிய சிறிய கட்டுரையின் பிரதி. அப்போது அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார். முழுக் கட்டுரையும் ஒரே ஒரு தொகையைப் பற்றியது: டி-யின் நேர்மாறு டான், அதை டி-யால் வகுத்தது, பூஜ்யத்திலிருந்து எக்ஸ் வரை. எக்ஸை 1 என்று வைத்தால் வருவது காட்டலன் மாறிலி. 1 கழித்தல் ஒன்பதில் ஒன்று, கூட்டல் இருபத்தைந்தில் ஒன்று, கழித்தல் நாற்பத்தொன்பதில் ஒன்று என்று போகும் தொடர், 0.915965 சொச்சம். விதியை இதன்மேல் வைத்துப் பார்த்தேன். நேர்மாறு டானைப் பிடித்தேன், ஒன்றின் கீழ் டி-யை விட்டேன். அது லாக் டி ஆயிற்று. மேல்படியில் லாக் 1 பூஜ்யம். கீழ்ப்படியில் லாக் பாதாளத்துக்குப் போனாலும் நேர்மாறு டான் அதை அடக்கிவிடுகிறது, அங்கேயும் பூஜ்யம். உள்ளே மிஞ்சியது லாக் டி-யை 1 கூட்டல் டி ஸ்கொயரால் வகுத்தது, முன்னால் கழித்தல் குறி. அழகு. ஆனால் திறக்கவில்லை. பைக்கு நிவென் செய்ததை இந்த எண்ணுக்கு யாரும் செய்ததில்லை. இது விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா என்பது இன்றுவரை உலகில் எந்தக் கணித மேதைக்கும் தெரியாது.

நாமகிரித் தாயாரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் உத்தரவாகவில்லை.